‘ஓரளவு ஆதரிக்கிறது’ – வீபேட் படிவம்: ஒரு திறனாய்வு



திறனாய்வு என்றதும் கவிதை, நாவல், சிறுகதை என்றுதான் நம் மனம் போகும். இந்த முறை கொஞ்சம் விலகி, ஓர் அலுவலகப் படிவத்தை எடுத்துக்கொள்கிறேன். கதை கிடையாது, உவமை கிடையாது, கட்டம் போட்ட அட்டவணைதான். ஆனாலும் அதில் எழுதப்படும் ஒரே ஒரு சொல்லை நம்பித்தான் பல அரசாங்க அலுவலகங்கள் மென்பொருள் வாங்குகின்றன. பார்வையற்ற ஓர் ஊழியர் தன் விடுப்பு விண்ணப்பத்தைத் தானே நிரப்பலாமா, இல்லை பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட வேண்டுமா என்பதும் அந்தச் சொல்லைப் பொறுத்தே அமைகிறது. அப்படிப்பட்ட ஒரு பனுவலை நாம் ஏன் திறனாயக் கூடாது?

முதலில் பின்னணி. அமெரிக்காவில் 1973இல் மறுவாழ்வுச் சட்டம் வந்தது. அதில் 508ஆம் பிரிவு 1986இல் சேர்க்கப்பட்டது. அப்போது அதற்குப் பல் இல்லை. 1998இல் திருத்தி வலுப்படுத்தினார்கள். தொழில்நுட்பத் தரநிலைகள் 2000 டிசம்பரில் வெளியாயின, 2001 ஜூன் 21 முதல் அமலுக்கு வந்தன. சாரம் இதுதான்: கூட்டரசு நிறுவனங்கள் உருவாக்கும், வாங்கும், பராமரிக்கும், பயன்படுத்தும் மின்னியல் தொழில்நுட்பம் எதுவானாலும், மாற்றுத்திறனாளிகள் மற்றவர்களுக்கு இணையாக அதை அணுக முடிய வேண்டும்.

இந்தச் சட்டம் யாரைக் கட்டுப்படுத்துகிறது என்று கவனிச்சுப் பாருங்க. மென்பொருள் செய்யும் நிறுவனத்தை அது நேரடியாகத் தொடவே இல்லை. வாங்குகிற அரசாங்கத்தைத்தான் பிடிக்கிறது. “நீ என்ன வேண்டுமானாலும் செய்து விற்றுக்கொள், ஆனால் நான் இப்படிப்பட்டதைத்தான் வாங்குவேன்” என்று ஒரு பெரிய வாடிக்கையாளர் கடைக்காரரிடம் சொல்வது மாதிரி. அமெரிக்க அரசாங்கத்தைவிடப் பெரிய வாடிக்கையாளர் கிடைப்பது அரிது. ஆகவே, சட்டம் தொடாத நிறுவனங்களும் சந்தைக்காகத் தம் பொருளைத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. இது நல்ல உத்தி. இதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை தொடங்கும் இடம் வேறு. வாங்கும் அதிகாரிக்கு எப்படித் தெரியும், இந்த மென்பொருள் தரத்தை எட்டுகிறதா இல்லையா என்று? அவர் திரைவாசிப்பான் பயன்படுத்திப் பழகியவர் அல்ல. ஆகவே, விற்பவரையே கேட்கிறார். விற்பவர் பதில் எழுதித் தரும் படிவம்தான் வீபேட். அதன் விரிவைத் தமிழில் சொன்னால் ‘விருப்பார்ந்த பொருள் அணுகல்தன்மை வார்ப்புரு’. 2001இல் தகவல் தொழில்நுட்பத் தொழில் மன்றமும் அமெரிக்கப் பொதுச் சேவை நிர்வாகமும் சேர்ந்து இதை உருவாக்கின. தொழில் மன்றம் என்பது யாருடைய சங்கம்? விற்பவர்களுடைய சங்கம். வீபேட் என்ற பெயரே அந்த மன்றத்தின் பதிவுபெற்ற வணிகக்குறி. மாணவர் சங்கம் தயாரித்த விடைத்தாளில் மாணவர்களே தமக்கு மதிப்பெண் போடுவது போல என்று சொன்னால் கொஞ்சம் கடுமையாக இருக்கும். ஆனால் ரொம்பத் தப்பாகவும் இருக்காது.

பெயரில் ‘விருப்பார்ந்த’ என்று இருக்கிறதே, அதையும் பாருங்கள். சட்டப்படி யாரும் இதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. நடைமுறையிலோ, ஒப்பந்த அறிவிப்பிலேயே இதைக் கேட்டுவிடுகிறார்கள். கொடுக்காதவர் போட்டியில் பின்தங்கிவிடுவார். பெயர் ஒன்று, புழக்கம் வேறு. திறனாய்வாளர் முதலில் உற்றுப் பார்க்கும் இடம் இந்த மாதிரி இடைவெளிதான்.

படிவத்தில் மூன்று பத்திகள். முதல் பத்தியில் அளவுகோல், இரண்டாவதில் எந்த அளவு நிறைவேறுகிறது என்பதற்கு ஒரு சொல், மூன்றாவதில் விளக்கம். அளவுகோல்கள் இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டியிலிருந்து வருகின்றன. 2017 ஜனவரியில் 508ஆம் பிரிவின் தரநிலைகளைப் புதுப்பித்தபோது, அந்த வழிகாட்டியின் 2.0 பதிப்பிலுள்ள முதல் இரண்டு நிலைகளை, மொத்தம் 38 அளவுகோல்களை, எடுத்துக்கொண்டார்கள். 2018 ஜனவரி 18 முதல் அது நடைமுறை. படத்துக்கு மாற்று உரை உண்டா, சுட்டெலி இல்லாமல் விசைப்பலகையால் மட்டும் எல்லாம் செய்யலாமா, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற நிற வேறுபாடு இருக்கிறதா என்பன போன்ற கேள்விகள். இவற்றில் பலவற்றை ஓர் ஆசிரியர் பத்தே நிமிடத்தில் சோதித்துப் பார்த்துவிடலாம்.

இப்போது இரண்டாம் பத்திக்கு வருவோம். அங்கே எழுத அனுமதிக்கப்பட்ட சொற்கள் சில மட்டுமே: ‘ஆதரிக்கிறது’, ‘ஓரளவு ஆதரிக்கிறது’, ‘ஆதரிக்கவில்லை’, ‘பொருந்தாது’. ‘மதிப்பிடப்படவில்லை’ என்று ஐந்தாவது ஒன்றும் உண்டு. ஆனால் அதை மிக உயர்ந்த மூன்றாம் நிலை அளவுகோல்களுக்கு மட்டுமே பயன்படுத்தலாம்.

‘ஆதரிக்கிறது’ என்பதற்குப் படிவமே தரும் விளக்கத்தின் கருத்து இது: அறியப்பட்ட குறை எதுவும் இல்லாமல் அளவுகோலை நிறைவேற்றும் வழி குறைந்தது ஒன்றாவது பொருளில் இருக்க வேண்டும். ‘அறியப்பட்ட’ என்ற அடைமொழியைக் கவனித்தீர்களா? குறை இருக்கக் கூடாது என்று அது சொல்லவில்லை. தெரிந்த குறை இருக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. தேடாதவருக்கு எந்தக் குறையும் தெரியாது. மூன்று மாதம் உட்கார்ந்து சோதித்த நிறுவனத்துக்கு இருபது குறை தெரிந்திருக்கும், சோதிக்கவே சோதிக்காத நிறுவனத்துக்கு ஒன்றுகூடத் தெரிந்திருக்காது. இரண்டாமவர் மனசாட்சி உறுத்தாமல் ‘ஆதரிக்கிறது’ என்று எழுதலாம். ஒரே ஓர் அடைமொழி, உழைத்தவரைத் தண்டித்து உழைக்காதவருக்குப் பரிசு கொடுத்துவிடுகிறது. பெயரெச்சம் என்று சொல்லிக் கடந்துபோகும் பாடத்தை வகுப்பில் நடத்தும்போது இந்த எடுத்துக்காட்டைச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்து ‘ஓரளவு ஆதரிக்கிறது’. பொருளின் சில செயல்பாடுகள் அளவுகோலை எட்டவில்லை என்பது இதன் வரையறை. ‘ஆதரிக்கவில்லை’ என்றால் பெரும்பாலான செயல்பாடுகள் எட்டவில்லை. அப்படியானால் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது, கணக்குப் போடுங்கள். நூறு பொத்தான்களில் ஒன்று பழுதானாலும் ‘ஓரளவு’, நாற்பத்தொன்பது பழுதானாலும் ‘ஓரளவு’. அதுவும் அந்த ஒற்றைப் பொத்தான் எது என்பது யாருக்குத் தெரியும்? ‘அனுப்பு’ என்ற பொத்தானாக இருந்துவிட்டால், மீதி தொண்ணூற்றொன்பதும் சரியாக இருந்து என்ன பயன்? படிவம் எண்ணிக்கையைப் பார்க்கிறது. பயன்படுத்துபவருக்கோ வேலை முடிந்ததா என்பதுதான் கணக்கு.

‘பொருந்தாது’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காணொளியே இல்லாத மென்பொருளுக்குக் காணொளித் துணைத்தலைப்புப் பொருந்தாது, நியாயம்தான். காணொளி இருந்தும் அப்படி எழுதியிருந்தால், அந்தப் படிவத்தை மூடிவைத்துவிடலாம்.

ஆகவே, இந்தப் பனுவலின் உயிர் மூன்றாம் பத்தியில்தான் இருக்கிறது. கற்பனையாக இரண்டு விற்பனையாளர்களை வைத்துக்கொள்வோம். அளவுகோல் 2.1.1, அதாவது எல்லாவற்றையும் விசைப்பலகையால் செய்ய முடிய வேண்டும் என்பது. முதலாமவர் ‘ஆதரிக்கிறது’ என்று எழுதி, விளக்கத்தை வெறுமையாக விட்டுவிட்டார். இரண்டாமவர் ‘ஓரளவு ஆதரிக்கிறது’ என்று எழுதி, “தேர்வு அட்டவணைப் பக்கத்தில் நாள்காட்டியை விசைப்பலகையால் திறக்க முடியாது, அதற்குப் பதிலாகப் பக்கத்திலுள்ள பெட்டியில் தேதியைத் தட்டச்சு செய்யலாம், மற்றப் பக்கங்களை என்விடிஏ திரைவாசிப்பானைக் கொண்டு சோதித்தோம்” என்று விளக்கியிருக்கிறார். நீங்கள் யாரிடம் வாங்குவீர்கள்?

விடைத்தாள் திருத்திப் பழகிய நமக்கு இதில் குழப்பமே வராது. கருத்துணர்தல் கேள்விக்கு ‘ஆம்’ என்று மட்டும் எழுதிய மாணவருக்கும், பத்தியிலிருந்து சான்று காட்டி எழுதிய மாணவருக்கும் ஒரே மதிப்பெண் போடுவோமா? ஆனால் கொள்முதல் அலுவலகத்தில் நேரம் இல்லாதவர் இரண்டாம் பத்தியை மட்டும் மேலிருந்து கீழாகப் பார்ப்பார். ‘ஆதரிக்கிறது’ எத்தனை, ‘ஓரளவு’ எத்தனை என்று எண்ணுவார். முதலாமவர் வென்றுவிடுவார். நேர்மையாக எழுதியவர் தோற்பார். அடுத்த முறை அவரும் கற்றுக்கொள்வார், எப்படி எழுத வேண்டும் என்று.

சட்டத்தில் இன்னொரு விதியும் உண்டு. முழுமையாகத் தரத்தை எட்டும் பொருள் சந்தையில் இல்லையென்றால், இருப்பவற்றுள் எது கூடுதலாக எட்டுகிறதோ அதை வாங்கலாம். இதை நான் குறை சொல்ல மாட்டேன், எதையுமே வாங்காமல் அலுவலகம் நடத்த முடியாது. காரணத்தை எழுதி ஆவணப்படுத்த வேண்டும், பாதிக்கப்படுபவருக்கு மாற்று வழி தர வேண்டும் என்ற நிபந்தனைகளும் இருக்கின்றன. ஆனால் ‘எது கூடுதலாக எட்டுகிறது’ என்பதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? மறுபடியும் அதே படிவம்தான்.

விளைவு என்ன ஆயிற்று? அமெரிக்க நாடாளுமன்றம் கேட்டுக்கொண்டதன்பேரில் 2023இல் முதன்முறையாக அரசாங்கம் முழுவதற்கும் ஒரு மதிப்பீடு நடந்தது. நிறுவனங்கள் தாமே தந்த விவரங்களின்படி, அதிகம் பார்க்கப்படும் இணையப் பக்கங்கள், ஆவணங்கள், காணொளிகள் ஆகியவற்றில் தரத்தை முழுமையாக எட்டியவை 30 விழுக்காட்டுக்கும் குறைவு. சட்டம் அமலுக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு! எல்லாப் பழியையும் ஒரு படிவத்தின்மேல் போட முடியாது. பணியாளர் பற்றாக்குறை, பயிற்சிக் குறை, அலட்சியம் எல்லாம் சேர்ந்துதான் இது. ஆனாலும் ஒப்புக்குக் கேட்டு, ஒப்புக்கு எழுதி, ஒப்புக்குக் கோப்பில் போடும் பழக்கத்துக்கு இந்தப் படிவம் ரொம்ப வசதியாக இருக்கிறது என்பது என் கருத்து.

இங்கே ஒரு சிறிய இடைச்செருகல், தமிழாசிரியர்களுக்காக. இதற்கான தமிழ்ச்சொல்லை ‘அணுகுதிறன்’ என்றும் எழுதுகிறார்கள், ‘அணுகல்தன்மை’ என்றும் எழுதுகிறார்கள். நான் இரண்டாவதைத்தான் விரும்புகிறேன். திறன் என்றால் ஆளிடம் இருப்பது. அணுகத் திறன் இல்லாதவர் என்று பழி ஆள்மேல் போய்விடுகிறது. தன்மை பொருளிடம் இருப்பது. அணுகும் தன்மை இந்தப் பொருளுக்கு இல்லை என்றால், திருத்த வேண்டியது பொருளை. 508ஆம் பிரிவின் உயிர்க்கருத்தும் அதுவே.

“அமெரிக்கக் கதை நமக்கு எதுக்கு?” என்று கேட்கலாம். நம் பள்ளிகளின் டெலிமா கற்றல் தளம் கூகுள், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் ஆகிய நிறுவனங்களின் செயலிகளை வைத்தே இயங்குகிறது. அந்த நிறுவனங்கள் தம் பொருள்களுக்கான இத்தகைய அறிக்கைகளை இணையத்தில் வெளியிட்டிருக்கின்றன. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அங்கே ஓர் அலுவலகம் ஏற்றுக்கொண்ட ‘ஓரளவு’, இங்கே நம் வகுப்பறைக்கும் வந்து சேர்கிறது.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், அதாவது 685ஆம் சட்டம், தகவல், தொடர்பு, தொழில்நுட்பம் ஆகியவற்றை அணுகும் உரிமையை 30ஆம் பிரிவில் சொல்கிறது. ஆனால் அது இயற்றப்பட்ட வடிவில், 41ஆம் பிரிவு அரசாங்கத்தை வழக்கிலிருந்து காக்கிறது. 508ஆம் பிரிவின் கீழோ, அணுக முடியாத மென்பொருளை ஒரு நிறுவனம் வாங்கிவிட்டால், பாதிக்கப்பட்டவர் அந்த நிறுவனத்தின்மீது புகார் கொடுக்கலாம், நீதிமன்றத்துக்கும் போகலாம். உரிமை என்ற சொல் இரண்டு சட்டங்களிலும் இருக்கிறது. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒருவர் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்பதில்தான் வேறுபாடு. மாணவர்களே, வாதக் கட்டுரைக்கு இது நல்ல கருத்து, குறித்துக்கொள்ளுங்கள்.

இனி நம் மொழிக்கு வருவோம். எனக்கு இந்தப் படிவத்தின்மேல் இருக்கும் பெரிய மனக்குறை இங்கேதான். அளவுகோல் 3.1.1 என்ன சொல்கிறது? பக்கம் எந்த மொழியில் இருக்கிறது என்பதைக் கணினிக்குப் புரியும்படி குறிக்க வேண்டும். 3.1.2 ஒரு படி மேலே போகிறது. பக்கத்தின் நடுவே வேறு மொழிப் பகுதி வந்தால் அதையும் தனியே குறிக்க வேண்டும். (பெயர்ச்சொற்களுக்கும் கலைச்சொற்களுக்கும் விலக்கு உண்டு.) ஏன் இந்த ஏற்பாடு? அந்தக் குறியைப் பார்த்துத்தான் திரைவாசிப்பான் எந்த மொழிக் குரலில் படிப்பது என்று முடிவு செய்கிறது. தமிழ்ப் பத்திக்கு ஆங்கிலக் குறி இருந்தால், ஆங்கிலக் குரல் அதை மௌனமாகத் தாண்டிப் போகலாம், இல்லை எழுத்து எழுத்தாக எதையோ உளறலாம்.

இப்போது ஒரு பயிற்சிச் செயலியை நினைத்துப் பாருங்கள். அதன் பொத்தான், பட்டி எல்லாம் ஆங்கிலம். பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று சரியாகவே குறித்திருக்கிறார்கள். 3.1.1க்கு நேரே ‘ஆதரிக்கிறது’ என்று எழுதுகிறார்கள், பொய்யே இல்லை. அதில் நாம் தமிழில் பத்துக் கேள்விகளை ஏற்றுகிறோம். “இந்தக் கேள்வி தமிழ்” என்று குறிப்பதற்கு அந்தச் செயலியில் இடமே இல்லை. பார்வையற்ற மாணவி காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ‘கேள்வி ஒன்று’ என்ற ஆங்கிலத் தலைப்புக் கேட்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. படிவம் சொன்னது உண்மை, மாணவிக்குக் கேள்வி கேட்கவில்லை என்பதும் உண்மை. விற்பவர் தன் பொருளைப் பற்றி மட்டும் பேசினார். அந்தப் பொருளுக்குள் தமிழ் வாழ முடியுமா என்று அவரை யாரும் கேட்கவில்லை.

இதில் நம் பங்கும் இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பயிற்றிகள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. கண்ணுக்கு அழகான தமிழ். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகளின் குறியீடு. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்த சொல்லைத் திரைவாசிப்பான் ‘ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி’ என்று வாசிக்கும். பழைய தேர்வுத்தாளை வருடி எடுத்த பிடிஎஃப் இன்னும் மோசம், அது வெறும் படம். கணினிக்கு அதில் ஒரு சொல்கூடத் தெரியாது. எவ்வளவு நல்ல மென்பொருளை அரசாங்கம் வாங்கிக் கொடுத்தாலும் இந்தக் கோப்புகளை அப்படியே சரியாகப் பேசவைப்பது கடினம். ஒருங்குறியில் தட்டச்சு செய்து, வேர்டு செயலியில் அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்து, ‘ரிவியூ’ பட்டிக்குப் போய் மொழியைத் தமிழ் என்று குறித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தலைப்புகளைப் பெரிய எழுத்தில் தடித்து எழுதுவதற்குப் பதிலாகத் தலைப்புப் பாணியைப் பயன்படுத்தினால், கண் தெரியாதவரும் ஒரு தலைப்பிலிருந்து அடுத்த தலைப்புக்குத் தாவலாம்.

என்விடிஏ இலவசம். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இருவர் முன்னின்று வளர்த்த மென்பொருள் அது. அதனோடு வரும் ஈஸ்பீக் குரலில் தமிழும் உண்டு. குரல் கொஞ்சம் இயந்திரத்தனமாகத்தான் இருக்கும், பழகிக்கொள்ளலாம். ஒரு மாலை நேரத்தில் அதை நிறுவி, திரையை அணைத்துவிட்டு, நீங்களே தயாரித்த பயிற்றியைக் கேட்டுப் பாருங்கள்.

நம்மில் பலர் கொள்முதல் அதிகாரிகள் இல்லை என்பது உண்மைதான். ஆனால் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பணத்தில் பயிற்சிச் செயலிக்குச் சந்தா கட்டுவது நம் பள்ளிகளில் நடப்பதே. அந்தக் கூட்டத்தில் பெரும்பாலும் விலையைப் பற்றித்தான் பேச்சு இருக்கும். விற்பனையாளர் வரும்போது அணுகல்தன்மை அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். கொடுத்தால், முதலில் தேதியையும் பதிப்பு எண்ணையும் பாருங்கள். மூன்று ஆண்டுக்கு முந்திய பதிப்பின் அறிக்கை இன்று விற்கும் செயலிக்குச் சான்றாகாது. பிறகு சோதனை முறை என்ற பகுதி, யார், எந்தத் திரைவாசிப்பானை வைத்துச் சோதித்தார்கள் என்று. அதற்கப்புறம் நேராக மூன்றாம் பத்தி. வெறுமையாக இருந்தால், “இது எப்படி உங்களுக்குத் தெரியும்?” என்று ஒரு கேள்வி போதும்.

கடைசியாக அவருடைய மடிக்கணினியிலேயே ஒரு தமிழ்ப் பத்தியை ஒட்டி, கேள்வியாக ஏற்றி, திரைவாசிப்பானைத் திறக்கச் சொல்லுங்கள். தமிழ் கேட்டால் நல்லது. கேட்காவிட்டால், எப்போது சரிசெய்வீர்கள் என்று எழுத்தில் வாங்கி, தேதி போட்டுக் கையொப்பத்தோடு கோப்பில் வையுங்கள். அடுத்த ஆண்டு சந்தாவைப் புதுப்பிக்க அவர் வரும்போது அந்தத் தாளை எடுத்து மேசைமேல் வைக்கலாம்.